செடி வாங்கும் முன் எங்கள் கையைக் கவனித்த ஆறு வாரம்

போன வருஷம் மட்டும் எங்கள் வீட்டில் ஏழு செடிகள் போய்விட்டன. வெளிச்சம் பார்த்துத்தான் வைத்திருந்தோம், உரமும் கொடுத்தோம், பூச்சி ஒன்றில்கூட இல்லை. தண்ணீர்தான் காரணம் என்பது தெரிந்தது, ஆனால் கூடிப்போனதா குறைந்துபோனதா என்பது பாதிச் செடிகள் விஷயத்தில் எங்களுக்குத் தெரியவே இல்லை. அதனால் இந்த முறை புதிதாக ஒன்றும் வாங்காமல், மிச்சமிருந்த இரண்டு மணி பிளான்ட்டையும் ஒரு பீஸ் லில்லியையும் வைத்துக்கொண்டு, ஆறு வாரம் ஒரு நோட்டில் யார், எப்போது, எவ்வளவு ஊற்றுகிறோம் என்று மட்டும் எழுதினேன். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அப்புறம் செடிகளைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது எட்டு மாதம் ஆகிறது.

ஏழில் கடைசியாகப் போன ரப்பர் செடியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நோட்டு எடுக்க வைத்ததே அதுதான். ஒரு நாள் இலையெல்லாம் தொங்கிப்போய் இருந்தது. தாகம் என்று நினைத்து அம்மா ஊற்றினார். மறுநாள் இன்னும் தொங்கியது, நானும் ஊற்றினேன். ஒரு வாரத்தில் அடி இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே கையோடு வந்தன. தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதிர்த்தபோது முதலில் வந்தது நாற்றம், அடைபட்ட சாக்கடை நாற்றம். நல்ல வேர் வெள்ளையாக, விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்க வேண்டும். இது பழுப்பாக இருந்தது. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தேன், மேல் தோல் உறை மாதிரிக் கழன்று என் விரலோடு வந்துவிட்டது, உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் நின்றது. தொட்டியின் அடிப்பாதி முழுக்க இப்படித்தான்.

வேருக்குக் காற்று வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் அந்தக் காற்று இருக்கிறது, அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றுவிட்டால் ஆக்ஸிஜன் வந்து சேராது, காற்றில் நகர்வதைவிடத் தண்ணீரில் அது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாக நகர்கிறது. மூச்சு முட்டிய வேரில் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா மாதிரி அழுகல் நுண்ணுயிரிகள் ஏறிக்கொள்கின்றன. செத்த வேரால் தண்ணீரை மேலே ஏற்ற முடியாது, அதனால் இலை தொங்குகிறது. அதாவது தண்ணீர் இல்லாமல் தொங்கும் செடியும் தண்ணீர் கூடிப்போய்த் தொங்கும் செடியும் மேலே இருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், மண்ணைத் தொட்டால்தான் வித்தியாசம் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் இலையை மட்டும் பார்த்தோம்.

சரி, நோட்டு. தேதி, யார், எந்தத் தொட்டி, எவ்வளவு, அவ்வளவுதான். அளவுக்கு அம்மா வழக்கமாக எடுக்கும் தம்ளரில் ஒரு முறை அளந்து பார்த்துக்கொண்டேன், அவர் ஒரு தொட்டிக்கு ஊற்றுவது ஏறக்குறைய 100 மில்லி. 42 நாளில் அம்மா 39 நாள் ஊற்றியிருக்கிறார், எல்லாம் காலையில், எல்லாம் அதே அரைத் தம்ளர். நான் 5 முறைதான் ஊற்றியிருக்கிறேன், அதிகபட்ச இடைவெளி 17 நாள், ஆனால் ஊற்றும்போது அடி ஓட்டையில் வழியும் வரை ஊற்றியிருக்கிறேன். அந்த 5 முறையில் 3 முறை, அன்று காலையிலேயே அம்மா ஊற்றிவிட்டிருந்தார். எழுதிப் பார்க்கும் வரை எங்கள் இரண்டு பேருக்குமே இது தெரியாது. சின்னச் சின்னதாகத் தினமும் ஒரு கை, என்றோ ஒரு நாள் வெள்ளமாக இன்னொரு கை, இரண்டும் ஒரே தொட்டியில்.

முதலில் பழக்கத்தை மாற்றத்தான் பார்த்தேன். "தினமும் ஊத்தாதேம்மா, வாரம் ஒரு தடவை போதும்" என்றேன். "காலையில் எழுந்து வந்து அதுங்களைப் பார்த்துட்டு ஒண்ணும் செய்யாம எப்படிப் போறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருக்கு அது செடியோடு இருக்கும் நேரம், அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு செடி வளர்க்கச் சொல்வதில் அர்த்தம் இல்லை. எனக்கும் அப்படித்தான், வேலை அதிகமான வாரங்களில் எந்த நினைவூட்டல் வைத்தாலும் அதைத் தள்ளிவைத்துவிடுவேன் என்பது அந்த நோட்டிலேயே இருந்தது. ஆகவே அவர் கைக்கு ஒரு கூட்டம், என் கைக்கு ஒரு கூட்டம் என்று செடிகளைப் பிரிப்பது என்று முடிவு செய்தேன்.

பிரிப்பதற்கு முன் இன்னொரு கணக்கு தேவைப்பட்டது, ஒரு தொட்டி ஒரு நாளில் எவ்வளவு தண்ணீரைக் குடிக்கிறது என்று. இதற்குச் சமையலறைத் தராசு போதும். 6 அங்குல பிளாஸ்டிக் தொட்டியில் இருந்த மணி பிளான்ட்டுக்கு நன்றாக ஊற்றி, வடிந்து முடிந்ததும் நிறுத்தேன்: 1,340 கிராம். ஜன்னல் பக்கத்தில் வைத்துத் தினமும் நிறுத்துக்கொண்டே வந்தேன், நாளுக்கு 65 கிராம் வரை இறங்கியது. ஏழாம் நாள் 890. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தால் காய்ந்திருந்தது, அடியில் மட்டும் லேசான ஈரம். ஆக அந்தத் தொட்டி ஒரு முறை நிரம்பினால் 450 கிராம், அதாவது 450 மில்லி, அதற்கு அங்கே ஒரு வாரம்.

அப்புறம் அதே தொட்டியை, அதே செடியை, ஜன்னலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருந்த அலமாரிக்கு மாற்றினேன். நாளுக்கு 20 கிராம்தான் இறங்கியது. அதே 450 கிராமுக்கு 22 நாள். நான் தராசை ஒரு முறை சந்தேகப்பட்டு, தெரிந்த எடை வைத்துக்கூடச் சரிபார்த்தேன். வெளிச்சம் குறைந்தால் செடி வேலை செய்வது குறைகிறது, இலைத்துளை வழியாகப் போகும் தண்ணீரும் குறைகிறது, மண்ணிலிருந்து ஆவியாவதும் குறைகிறது. ஜன்னலில் அம்மாவின் 100 மில்லிக்கு 65 செலவாகிறது, அலமாரியில் 20தான் செலவாகிறது, மிச்சம் 80 தினமும் தொட்டியிலேயே தேங்கிக்கொண்டு போகிறது. ரப்பர் செடி இருந்தது அந்த அலமாரிக்குப் பக்கத்து மூலையில். "வாரம் ஒரு முறை தண்ணீர் விடவும்" என்று செடியோடு ஒட்டி வரும் சீட்டை இதற்குப் பிறகு நான் நம்புவதில்லை, எந்த வெளிச்சத்தில், எந்தத் தொட்டியில் என்று சொல்லாத வாரக் கணக்குக்குப் பொருள் இல்லை.

மூன்றாவதாக, இன்னொரு மணி பிளான்ட்டை அதே அளவு மண் தொட்டிக்கு மாற்றி, அதே கலவை போட்டு, அதே ஜன்னலில் வைத்து நிறுத்தேன். சுட்ட மண் சுவர் வழியாகவும் ஈரம் போவதால் நாளுக்கு 95 கிராம் இறங்கியது. அந்த எண்ணை எழுதும்போதுதான் பளிச்சென்று பட்டது, இது அம்மாவின் கைக்கு அப்படியே பொருந்துகிறது. அவர் 100 ஊற்றுகிறார், தொட்டி 95 விடுகிறது. ஆக ஜன்னலில் மண் தொட்டியில் இருந்தால் அது அம்மாவின் செடி, அலமாரியில் பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தால் அது என் செடி, செடி என்னவோ இரண்டும் ஒரே மணி பிளான்ட். எந்தச் செடி வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் எந்தத் தொட்டி, எந்த இடம் என்று யோசிக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். இன்றும் அந்த இரண்டும் அதே இடத்தில் இருக்கின்றன. அம்மாவுடையது எட்டு மாதத்தில் எட்டு புது இலை விட்டிருக்கிறது, என்னுடையது மூன்று, வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி.

அம்மாவின் கூட்டத்துக்கு முதலில் கொண்டுவந்தது சைபீரஸ், கோரை வகை, தண்டு உச்சியில் குடை விரித்தது போல இலை இருக்கும், சில நர்சரிகளில் அம்ப்ரெல்லா பாம் என்பார்கள், ஆனால் பனைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மடகாஸ்கர் பக்கத்து ஈர நிலத்துச் செடி. வேருக்குத் தேவையான காற்றைத் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழல்கள் வழியாக மேலிருந்து கீழே அனுப்பிக்கொள்ளும், அதனால் நின்ற தண்ணீரில் வேர் மூச்சு முட்டாது. ஒரு ஆழமான தட்டில் தொட்டியை வைத்து, தட்டில் எப்போதும் மூன்று நான்கு செண்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்படி சொன்னேன். அம்மாவுக்கு இதைப்போல ஒரு செடி இதுவரை வாய்த்ததில்லை. எவ்வளவு ஊற்றினாலும் திட்ட ஆள் இல்லை, ஊற்றாத நாள்தான் அதற்குக் கெட்ட நாள். தினமும் ஊற்றாமல் இருக்க முடியாத யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தச் செடியைத்தான்.

அடுத்தது லக்கி பாம்பூ, அது மூங்கில் இல்லை, டிரசீனா வகை, மத்திய ஆப்பிரிக்கச் செடி. வெறும் தண்ணீரிலேயே வருஷக்கணக்கில் இருக்கும், வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றி, பாத்திரத்தைக் கழுவினால் போதும். அப்புறம் ஒரு சிங்கோனியம், மண் தொட்டியில். அப்புறம் மெய்டன்ஹேர் பெரணி, கருப்புக் கம்பி மாதிரித் தண்டில் விரல் நகம் அளவுக்கு மெல்லிய இலைகள் இருக்குமே, அது. இதை நான் தனியாக இருந்தால் வாங்கியே இருக்க மாட்டேன், ஒரு முறை காய்ந்தால் அந்த இலைகள் காகிதமாக நொறுங்கும், ஊற்றினாலும் திரும்பாது. அடிக்கட்டையில் உயிர் இருந்தால் புதிதாகத் துளிர்க்கும் என்பது மட்டும்தான் ஆறுதல். தினமும் வரும் கைக்குத்தான் இது சரி. சின்ன மண் தொட்டி, பாதி கோகோபீட் (தென்னை நார்த் தூள்), மிச்சத்தில் பெர்லைட்டும் (மண்ணில் காற்று நிற்கக் கலக்கும் எடையில்லாத வெள்ளைத் துகள்) மண்புழு உரமும், வடியும் தண்ணீரைத் தட்டிலிருந்து கொட்டிவிட வேண்டும். இப்போது அது எங்கள் வீட்டிலேயே பார்க்க அழகான செடி.

ஒரு தொந்தரவு வந்தது. மேல்மண் எப்போதும் ஈரமாகவே இருந்ததால் சின்னக் கருப்புக் கொசு மாதிரி ஈக்கள் சிங்கோனியம் தொட்டியிலிருந்து கிளம்பின. அதன் புழுக்கள் மேல் சில செண்டிமீட்டர் ஈர மண்ணில்தான் வாழும். மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று நட்டேன், கூடவே அம்மாவிடம் மேலே ஊற்றாமல் தட்டில் ஊற்றச் சொன்னேன். அவருக்குப் பிரச்சினையே இல்லை, ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் உறிஞ்சியது போக மிச்சத்தைக் கொட்டிவிடுவார். மூன்று நான்கு வாரத்தில் ஈக்கள் நின்றன.

இனி என் கூட்டம். ஸ்நேக் பிளான்ட், ஸீ ஸீ பிளான்ட், ஜேட், ஸ்பைடர் பிளான்ட். மறப்பவர்களுக்கு என்று எல்லோரும் சொல்லும் பெயர்கள்தான், ஆனால் ஏன் என்று புரிந்துகொண்டால் எங்கே தப்பு நடக்கும் என்பதும் புரியும். ஸீ ஸீயின் மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்கு இருக்கிறது, இலைக்காம்பின் அடியும் பருத்துத் தண்ணீர் சேர்த்துவைக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் மழை வந்து போகும் இடங்களின் செடி. ஸ்பைடர் பிளான்ட்டைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக, விரல் தடிமனில் கொழுத்த வேர்கள் இருக்கும், அதுவும் தண்ணீர்க் கிடங்குதான். ஜேட்டும் ஸ்நேக் பிளான்ட்டும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கும், அதனால் தண்ணீர் இழப்பு ரொம்பக் குறைவு. இந்த முறைக்கு உயிரியலில் வைத்திருக்கும் பெயரே ஜேட்டின் குடும்பமான கிராசுலேசியிலிருந்து வந்தது.

இவற்றில் ஸீ ஸீயைத்தான் நான் கெடுத்தேன். நன்றாக வளரட்டும் என்று 10 அங்குலத் தொட்டியில் வைத்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் ஊற்றினேன், அதுவும் என் வழக்கப்படி வழிய வழிய. ஒரு மாதத்தில் இரண்டு தண்டு மஞ்சளாகிச் சாய்ந்தது. தோண்டிப் பார்த்தால் வேர் இருந்தது ஒரு கைப்பிடி அளவுக்குத்தான், சுற்றி இருந்த அத்தனை மண்ணிலும் வேரே இல்லை, அந்த மண் ஈரத்தைக் குடிக்க ஆளில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. ஒரு கிழங்கு அழுத்தினால் குழைந்தது. அதைக் கத்தியால் சுத்தமான சதை தெரியும் வரை வெட்டி எறிந்து, மிச்சத்தை நிழலில் இரண்டு நாள் காயவைத்து, 5 அங்குலத் தொட்டியில் பாதிக்குப் பாதி பெர்லைட் கலந்து நட்டு, பத்து நாள் தண்ணீரே விடவில்லை. பிழைத்துக்கொண்டது, இப்போது ஒரு புதுக் குருத்து சுருண்டு மேலே வருகிறது. தாகம் தாங்கும் செடிக்கு வேருக்குச் சற்றே பெரிய தொட்டி போதும், அதற்கு மேல் போகவே போகாதீர்கள்.

தொட்டி அடியில் ஜல்லி போடும் வழக்கத்தையும் இந்தச் சமயத்தில்தான் விட்டேன். சமையலறை ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்து நன்றாக நனைத்து, படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டி முடிந்து நிற்கும். இப்போது அதையே நிமிர்த்துப் பிடியுங்கள், மறுபடியும் சொட்டும். நெட்டுக்குத்தாக நிற்கும்போது தண்ணீர் கீழே இழுபடும் உயரம் கூடுகிறது, அடியில் மட்டும் ஒரு அளவு ஈரம் தேங்கி நிற்கும். தொட்டி மண்ணும் அப்படித்தான், எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரப் படலம் நிற்கும். அடியில் ஜல்லி போட்டால் அந்தப் படலம் ஜல்லிக்குள் இறங்காது, ஜல்லிக்கு மேலே, அதாவது வேருக்கு இன்னும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தட்டையான தொட்டியில் அந்தப் படலம் மண்ணில் பெரும் பங்கு, உயரமான தொட்டியில் சின்னப் பங்கு. அதனால் ஸ்நேக் பிளான்ட்டை உயரமான தொட்டிக்கு, கரகரப்பான கலவைக்கு மாற்றினேன். இந்த ஸ்பாஞ்ச் சோதனையை ஒரு முறை கையில் செய்து பார்த்துவிடுங்கள், அப்புறம் தொட்டி வாங்கும்போது கண் தானாக உயரத்தைப் பார்க்கும்.

ஸ்பைடர் பிளான்ட்டில் எதிர்ப்பக்கத்துப் பிரச்சினை. 25 நாள் ஊற்றவில்லை, அப்புறம் ஊற்றினேன், தண்ணீர் உடனே அடியில் கொட்டியது, நன்றாக வடிகிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். ஏதோ தோன்றி நிறுத்துப் பார்த்தால் வெறும் 60 கிராம்தான் கூடியிருந்தது. கோகோபீட் அதிகமான கலவை முழுக்கக் காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும், ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடிவிடும், நடுமண் நனையவே நனையாது. வாளித் தண்ணீரில் தொட்டியை முக்கால் உயரத்துக்கு அரை மணி நேரம் உட்காரவைத்து எடுத்தேன், 410 கிராம் கூடியது. என்னைப்போல நீண்ட இடைவெளியில் ஊற்றுபவர்கள் மேலே ஊற்றுவதைவிட இப்படி முக்கி எடுப்பதே நல்லது. அதன் இலை நுனி பழுப்பாவது வேறு விஷயம், அது தண்ணீரில் இருக்கும் உப்பாலும் ஃப்ளோரைடாலும் வருவது. ஒரு நாள் பிடித்துவைத்த தண்ணீரில் குளோரின் போகும், ஃப்ளோரைடு போகாது. மழைத் தண்ணீர் கிடைத்தால் கொடுக்கிறேன்.

பீஸ் லில்லி யாருக்கு என்று ரொம்ப நாள் முடிவாகவில்லை. அது தாகத்தை வாய்விட்டுச் சொல்லும் செடி, இலையெல்லாம் மொத்தமாக விளிம்புக்கு வெளியே சரிந்து கிடக்கும். மாலை ஐந்து மணிக்கு ஊற்றினேன், ஆறரைக்குக் காம்புகள் பாதி நிமிர்ந்திருந்தன, எட்டு மணிக்கு ஒன்றுமே நடக்காதது போல நின்றது. கேட்டால் கொடுப்போம் என்று பார்த்துச் செய்பவர்களுக்கு இது அருமையான செடி. ஆனால் ஒவ்வொரு முறையும் சாயும் வரை விட்டால் அடி இலைகள் மஞ்சளாகிவிடும், எனக்கு நான்கு இலை போனது. மண் ஈரமாக இருக்கும்போதே சாய்ந்தால் மட்டும் ஊற்றக் கூடாது, ரப்பர் செடியின் கதைதான். கடைசியில் அதைத் திரிக்கு மாற்றினேன். தொட்டியின் அடி ஓட்டை வழியாக ஒரு திரியை நடு மண் வரை ஏற்றி, மறுமுனையைக் கீழே ஒரு லிட்டர் தண்ணீர் இருக்கும் மூடிய டப்பாவில் விட்டேன். திரியை முதலில் நனைத்துவிட வேண்டும், மண்ணையும் மேலிருந்து ஒரு முறை நனைத்துவிட வேண்டும், இல்லையென்றால் உறிஞ்சவே தொடங்காது. முதலில் போட்டது பருத்தித் திரி, மூன்று மாதத்தில் மண்ணுக்குள் கறுத்து இற்றுப்போனது. இப்போது நைலான் கயிறு.

வாரத்தில் ஒரு நாள் குறித்துவைத்து, அந்த நாளில் மட்டும் தவறாமல் ஊற்றுபவர்களும் உண்டு, என் தம்பி அப்படி. அவனுக்கு எங்கள் கணக்கையே வைத்து, வெளிச்சமான ஜன்னலில், 6 அங்குல பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு ஹோயாவும் ஒரு மணி பிளான்ட்டும் கொடுத்தேன், இரண்டும் நன்றாக இருக்கின்றன. வெயில் குறைந்த மாதங்களில் மட்டும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கும் ஒரு பெரணி வேண்டும் என்ற ஆசை விடவில்லை. அதற்குக் கண்ணாடி ஜாடி. 1829ல் லண்டனில் நத்தானியேல் வார்ட் என்ற மருத்துவர் ஒரு கூட்டுப்புழுவைப் பார்ப்பதற்காக ஈர மண் போட்டு மூடிவைத்த பாட்டிலில், தானாக ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன, தண்ணீர் விடாமலே சில வருஷம் வாழ்ந்தன. வெளியே அவர் நட்ட பெரணிகள் லண்டன் புகையில் பிழைக்கவில்லை. மண்ணிலிருந்து ஆவியாகும் ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்குகிறது, வெளியே போக வழியில்லை. நான் 5 லிட்டர் மூடி ஜாடியில் ஒரு குட்டைப் பெரணியும் ஒரு ஃபிட்டோனியாவும் வைத்தேன். ஃபிட்டோனியாவும் என் கைக்கு ஆகாத செடி, ஒரு நாள் தாமதித்தால் படுத்துவிடும். முதலில் ஊற்றியது 150 மில்லி. நாள் முழுக்கக் கண்ணாடி மங்கியே இருந்தது, அது அதிகம் என்று அர்த்தம், இரண்டு நாள் மூடியைத் திறந்துவைத்தேன். இப்போது காலையில் ஒரு பக்கம் மட்டும் பனி படிந்து மதியத்துக்குள் தெளிகிறது. நேர் வெயிலில் வைக்கக் கூடாது, உள்ளே வெந்துவிடும். ஐந்து மாதமாக மூடியிருக்கிறது, இன்னும் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

வீட்டில் சின்னக் குழந்தையோ பூனையோ இருந்தால் ஒன்று: மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஸீ ஸீ, சிங்கோனியம் இந்த நான்கிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன, மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். எட்டாத உயரம் இல்லையென்றால் ஸ்பைடர் பிளான்ட்டும் பெரணியும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நானும் அம்மாவும் சேர்ந்து 12 நாள் ஊரில் இல்லை. இத்தனை நாள் பிரித்து வைத்ததற்கு அதுதான் உண்மையான சோதனை. என் கூட்டத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. பீஸ் லில்லிக்கு டப்பாவை நிரப்பினேன். பெரணியையும் சிங்கோனியத்தையும் ஜன்னலிலிருந்து நிழலுக்குத் தள்ளி, நன்றாக ஊற்றி, பெரிய பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடினேன். அம்மாவின் மணி பிளான்ட்டையும் ஜன்னலிலிருந்து எடுத்து அலமாரிப் பக்கம் வைத்தேன். சைபீரஸ் தட்டை விளிம்பு வரை நிரப்பினோம்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகச் செடிகளிடம்தான் போனார். ஸ்நேக் பிளான்ட், ஸீ ஸீ, ஜேட், ஸ்பைடர், நான்கும் போனபோது இருந்தபடியே இருந்தன. லில்லியின் டப்பாவில் கால் லிட்டர் மிச்சம். பைக்குள் பெரணி பச்சையாக, ஒரு இலை சுருங்காமல் இருந்தது. மணி பிளான்ட் லேசாகத் துவண்டிருந்தது. சிங்கோனியம் அடி இலை இரண்டை உதிர்த்திருந்தது. சைபீரஸ்தான் அடி வாங்கியது, தட்டு வெந்துபோனது போல உலர்ந்து, குடைகளின் ஓரமெல்லாம் பழுப்பு. அத்தனை தண்ணீர் குடிக்கும் செடி என்பது தெரிந்தும் 12 நாளுக்கு அந்தத் தட்டு போதுமா என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, மற்ற எல்லாவற்றையும் நிறுத்தேன், அதை மட்டும் நிறுக்கவில்லை. பழுத்த தண்டுகளை அம்மா அடியோடு வெட்டிவிட்டார், தொட்டியை ஓட்டையில்லாத ஒரு வாளிக்குள் இறக்கி, வாளியில் 10 செண்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வைத்தோம். மூன்று வாரம் ஆகிறது. அடியிலிருந்து ஐந்து குருத்து வந்திருக்கிறது, அதில் உயரமான ஒன்று நேற்று குடையை விரித்தது.